மக்களாட்சியில் அறத்தின் இடம்

அறம் என்பது தனிமனிதன் ஒழுக்கத்தோடு முடிந்துவிடுவதன்று என்பது தமிழ்ப் பேரறிஞரின் பழைய துணிபு. திருக்குறள் அறத்தை முதற்பாலில் விரித்துரைத்த அளவில் அமைந்துவிடவில்லை. அரசு, அமைச்சு, நாடு முதலியவற்றைக் கூறும் பொருட்பாலிலும் செங்கோன்மை, கொடுங்கோன்மை, கண்ணோட்டம் என அதிகாரங்களை வகுத்து, ஆட்சிக்கென ஓர் அறம் உண்டு என்பதை நிலைநாட்டுகின்றது. நல்ல மகனாகவும் நல்ல தந்தையாகவும் விளங்கும் ஒருவன் நல்ல அரசனாக விளங்காமற் போதலும் கூடும் என்பது இப்பகுப்பாற் பெறப்படும். வீட்டில் உண்மை பேசுவோன் அவையில் நடுநிலை பிறழ்வானாயின், அவனது வீட்டொழுக்கம் குடிகளுக்கு நிழல் தாராது.

முடியாட்சிக் காலத்தில் இவ்வறத்தின் சுமை பெரிதும் ஒருவன் தோளின்மேல் இருந்தது. ஆராயாது கோவலனைக் கொல்வித்த பாண்டியன், தன் பிழையை உணர்ந்த அக்கணமே அரியணையில் வீழ்ந்து உயிர் துறந்தான் என்பது சிலப்பதிகாரம் கூறும் வரலாறு. பிழை யாருடையது, பொறுப்பு யாருடையது என்னும் ஐயத்திற்கு அங்கு இடமில்லை. மக்களாட்சியில் நிலைமை வேறு. அவையிற் கூடியோர் பலர் கைதூக்கி ஒரு சட்டத்தை நிறைவேற்றுகின்றனர். அவர்களை இலட்சக்கணக்கானோர் வாக்களித்து அனுப்பியிருக்கின்றனர். அச்சட்டம் அநீதியாயின், அதன் பழி அத்தனை பேருக்கும் பங்கிடப்பட்டு, ஒவ்வொருவர் பங்கும் உணரமுடியாத அளவிற்குச் சிறுத்துப் போகின்றது. அரசன் ஒருவனைக் கொன்ற மனச்சான்று, பெரும்பான்மை என்னும் கூட்டத்துள் எவரையும் துன்புறுத்துவதில்லை. மக்களாட்சியில் அறத்தின் இடம் யாது என்னும் ஆராய்ச்சி இவ்விடத்திலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

பொதுவாழ்வில் அறம் என்றவுடன் பலர் நினைவிற்கு வருவது கையூட்டு வாங்காமை, பொதுப்பணத்தைக் கவராமை, வாக்குத் தவறாமை என்பனவே. இவை இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. தமிழ்நாட்டு ஊராட்சி வரலாற்றில் இதற்குச் சிறந்த சான்று உத்தரமேரூர்க் கல்வெட்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி. பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் எழுதப்பட்ட அச்சாசனங்கள், 30 குடும்புகளிலிருந்து குடவோலை மூலம் வாரிய உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் முறையை வகுத்துரைக்கின்றன. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவனது பெயர் குடத்தில் இடப்படலாகாது. அவனுடைய நெருங்கிய உறவினர் பெயரும் இடப்படலாகாது. பிறர் பொருளைக் கவர்ந்தவன் நிற்றலாகாது. அண்மையில் மூன்றாண்டுகளுக்குள் வாரியம் செய்தவன் மீண்டும் வருதலாகாது. ஓலையைக் குடத்திலிருந்து எடுப்பவன் சூதறியாச் சிறுவனாக இருத்தல் வேண்டும். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஆள்வோர் தூய்மைக்கு இத்துணை வேலி இடப்பட்டிருந்தது என்பது பெருமைக்குரியதேயாம்.

ஆயினும் அக்கல்வெட்டை முழுவதும் படிப்போர் மற்றொன்றையும் காண்பர். குடத்தில் பெயர் இடப்படுதற்கு ஒருவன் வரிசெலுத்தும் கால்வேலி நிலமேனும் உடையவனாதல் வேண்டும். தன் மனையில் வீடு கட்டியிருத்தல் வேண்டும். வேதக் கல்வி உடையவனாதல் வேண்டும். 35 வயதிற்கு மேற்பட்டு 70 வயதிற்குட்பட்டவனாதல் வேண்டும். அந்நிலத்தில் ஏரோட்டியவனும், நாற்று நட்டவளும் அக்குடத்தின் அருகே வருதற்கில்லை. ஆள்வோர் தூய்மையைக் கண்ணுங் கருத்துமாகக் காத்த அவ்வூர், ஊர் என்பது எவர் எவரைக் கொண்டது என்னும் வினாவை எழுப்பவேயில்லை.

இதனால், மக்களாட்சியின் அறம் இரு கூறுடையது என்பது விளங்கும். ஆள்வோர் தூயராதல் ஒன்று. குடிகள் என எவரைக் கொள்வது, எவரைத் தள்ளுவது என்பதில் நேர்மை பிறழாமை மற்றொன்று. முன்னதைப் பற்றி மேடைதோறும் பேசப்படுகின்றது. பின்னதோ பெரும்பாலும் கண்ணிற் படுவதில்லை; ஏனெனின், தள்ளப்பட்டோர் குரல் மேடைக்கு எட்டுவதில்லை. இவ்விரண்டாம் கூறு எத்துணை முதன்மையுடையது என்பதற்கு இலங்கையின் தோட்டத் தொழிலாளர் வாக்குரிமை வரலாறு சான்றாகும். அவ்வரலாற்றின் முக்கியமானதொரு பகுதி சப்பிரகமுவ மாகாணத்திலேயே நிகழ்ந்தது.

பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்தது கொடகவெல. இறக்குவானை அதற்கு அண்மையில் உள்ளது. இப்பகுதியிலும், இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் பிற பகுதிகளிலும், இறப்பர்த் தோட்டமும் தேயிலைத் தோட்டமும் சிங்களக் கிராமங்களோடு இடையிடையே கலந்து கிடக்கின்றன. நுவரெலியாவில் மலைக்கு மலை தோட்டமே தொடர்ந்து செல்லுதல் போல இங்கு இல்லை. வயலொன்று, கிராமமொன்று, அதனை அடுத்து லயங்களொடு கூடிய தோட்டமொன்று என்பதே இங்குள்ள அமைப்பு. ஆகவே இம்மாகாணத்துத் தோட்டத் தமிழர் எத்தொகுதியிலும் சிறுபான்மையினராகவே வாழ்ந்து வருகின்றனர். தம் எண்ணிக்கையின் வலிமையால் தம்மைக் காத்துக்கொள்ள இயலாத இத்தகையோர்க்கே அரசியலில் அறம் மிகுதியும் தேவைப்படுகின்றது. எண்ணிக்கை உடையோன் அறத்தின் துணையின்றியும் பேரம் பேசிப் பிழைத்துக்கொள்வான்.

டொனமூர் அரசியலமைப்பின் கீழ் 1931 ஆம் ஆண்டில் இலங்கையில் 21 வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை வழங்கப்பட்டது. ஆசியாக் கண்டத்தில் இதனை முன்னரே பெற்ற நாடுகள் மிகச் சிலவே. ஆயினும் இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் வாக்காளராதற்கு நிலையான குடியிருப்பை மெய்ப்பிக்கும் தனி விதிகள் அப்பொழுதே இடப்பட்டன. அவ்விதிகளைக் கடந்து பெருந்தொகையினர் வாக்காளராயினர். 1939 ஆம் ஆண்டில் ஜவாஹர்லால் நேரு இலங்கைக்கு வந்த காலை இலங்கை இந்தியன் காங்கிரஸ் தோன்றியது. 1946 ஆம் ஆண்டில் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டத்தை அரசாங்கம் கிராம விரிவிற்கெனக் கையேற்று, தொழிலாளரை வெளியேறுமாறு பணித்தபொழுது, அவர்கள் வெளியேற மறுத்தனர். தோட்டங்களில் வேலைநிறுத்தம் எழுந்தது. தம் உழைப்பாற் காடு தோட்டமாகிய மண்ணில் தமக்குள்ள உரிமை யாது என்னும் வினா அன்று வெளிப்படையாக எழுந்தது.

1947 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 தொகுதிகளில் வெற்றிபெற்றது. அவற்றுள் ஒன்றேனும் சப்பிரகமுவையைச் சார்ந்ததன்று. எனினும் இம்மாகாணத்துத் தோட்டத் தொழிலாளரும் வாக்களித்தனர். தோட்டங்கள் செறிந்த ருவான்வெல்லத் தொகுதியில் இலங்கைச் சமசமாஜக் கட்சித் தலைவர் என். எம். பெரேரா தெரிவுசெய்யப்பட்டார், அவர் பின்னர் எதிர்க்கட்சித் தலைவராகவும் விளங்கினார். தொழிலாளி தன் இனத்தவன் அல்லாத ஒருவனுக்கும் வாக்களிப்பான், தன் நலன் கருதுவோனையே தேர்வான் என்பதை அத்தேர்தல் காட்டியது. மக்களாட்சிக்கு இது நற்குறியாகும். ஆட்சியில் அமர்ந்தோரிற் பலர்க்கு அதுவே அச்சக்குறியாகத் தோன்றியது.

நாடு விடுதலை பெற்ற 1948 ஆம் ஆண்டிலேயே 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறி, நவம்பர் 15 ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அந்நாளுக்கு முன்னர் இலங்கையிற் பிறந்த ஒருவன் வழிவழியாகக் குடிமகனாக ஏற்கப்படுதற்கு, அவன் தந்தையும் இலங்கையிற் பிறந்தவனாதல் வேண்டும். அன்றேல் தந்தையின் தந்தையும் அவன் தந்தையும் இங்குப் பிறந்தவராதல் வேண்டும். ஒருவன் இந்நாட்டிற் பிறந்து, இந்நாட்டிலேயே உழைத்து, பிற நாடெதனையும் காணாது மூத்தாலும், அவன் பிறப்பு மட்டும் அவனைக் குடிமகனாக்காது. தாய்வழி கணக்கில் எடுக்கப்படவில்லை.

அச்சட்டத்தின் அவ்விதிகளில் எவ்வினத்தின் பெயரும் கூறப்படவில்லை. சொல்லளவில் அது யாவர்க்கும் பொது. ஆயின் கிராமத்துச் சிங்களவனை நோக்கி, உன் தந்தை எங்குப் பிறந்தான், சான்றிதழ் எங்கே என எவரும் வினவவில்லை. அவன் குடிமகன் என்பது வினாவின்றியே கொள்ளப்பட்டது. லயத்தில் வாழ்ந்தவனோ அதனை மெய்ப்பிக்க வேண்டியவனானான். எழுத்தறியாத் தாய்தந்தையர், ஒழுங்காகப் பதியப்படாத பழைய பிறப்புகள், தோட்டம் மாறுந்தோறும் கங்காணி எழுதிய வெவ்வேறு பெயர்கள், இவற்றினிடையே சான்று தேடுதல் எளிதன்று. சட்டத்தின் சொல் ஒன்றாயினும் அதன் சுமை ஒருசாரார் மேலேயே விழுமாயின், அச்சமத்துவம் பெயரளவினதே.

1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம் ஒரு வாயிலைத் திறந்தது. 1946 ஆம் ஆண்டின் தொடக்கத்திற்கு முன்னர், மணமானோர் 7 ஆண்டும் மணமாகாதோர் 10 ஆண்டும் இடையறாது வாழ்ந்தமையை மெய்ப்பித்தால் விண்ணப்பிக்கலாம் என அது விதித்தது. முதலில் அதனைப் புறக்கணித்த காங்கிரஸ் பின்னர் மனம் மாறியது. 1951 ஆம் ஆண்டு ஆகஸ்டு எல்லைக்குள் 8 இலட்சத்திற்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் குவிந்தன. அவற்றை ஆராய்ந்து முடிக்கப் பல ஆண்டுகள் கழிந்தன. பயன் பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. இதற்கிடையில், 1949 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம், பிரஜைகள் அல்லாதார் வாக்காளராதல் இயலாது என விதித்துவிட்டது. முதற் சட்டம் குடியுரிமையை நீக்கியது; பிந்திய சட்டம், அது நீங்கியதைக் காரணங்காட்டி வாக்கை நீக்கியது.

இவ்விடத்திலேதான் சப்பிரகமுவ வரலாற்றில் இடம்பெறுகின்றது. கேகாலை மாவட்டத்து ருவான்வெல்லத் தொகுதியில் வாழ்ந்த இந்தியத் தமிழர் ஒருவர் தம் பெயரை வாக்காளர் இடாப்பிற் சேர்க்குமாறு வேண்டினார். அவர் பிரஜை என்பது தெளிவாகவில்லை எனப் பதிவு அலுவலர் மறுத்தார். மேன்முறையீட்டை விசாரித்த மீளாய்வு அலுவலர், அச்சட்டங்களின் உரிய பிரிவுகள் அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவிற்கு முரணானவை, ஆதலால் செல்லாதவை எனத் துணிந்து தீர்ப்பளித்தார். ஓரினத்தார்க்கோ மதத்தார்க்கோ பிறர்க்கில்லாத தடையை விதிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என்பதே அப்பிரிவின் கருத்து. உயர் நீதிமன்றம் 1951 ஆம் ஆண்டில் மீளாய்வு அலுவலரின் முடிவைத் தள்ளியது. வழக்கு இலண்டனிலுள்ள பிரிவி கவுன்சில் வரை சென்றது. கோடக்கன் பிள்ளை வழக்கு எனச் சட்ட நூல்களிற் பெயர்பெற்ற அவ்வழக்கில், ஒரு நாட்டின் குடிகள் யாவர் என வரையறுத்தல் அந்நாட்டுச் சட்டசபையின் இயல்பான உரிமையே என்னும் அடிப்படையில், 1953 ஆம் ஆண்டில் சட்டங்கள் செல்லும் எனத் தீர்ப்பாயிற்று.

சட்டம் செல்லும் என்பது தீர்ந்தது. அது நேரிதா என்பது தீரவில்லை. நீதிமன்றம் ஆராய்வது, இயற்றுதற்கு உரிமை உண்டா என்பதை. அறம் ஆராய்வது, உரிமை உண்டாயினும் இதனைச் செய்தல் தகுமா என்பதை. இவ்விரு வினாக்களையும் ஒன்றெனக் கருதுவதே பொதுவாழ்விற் பெருங்கேட்டிற்குக் காரணமாகின்றது. சட்டம் அனுமதித்தது ஆகவே குற்றமில்லை என்று கூறுவோன், தன் மனச்சான்றை நீதிமன்றத்தில் அடகு வைத்தவனாவான். எழுதப்பட்ட அரசியலமைப்பு எத்துணைக் கூர்மையுடன் வரையப்பட்டாலும் ஓரிடத்தில் முடிந்தே தீரும். அது முடியும் இடத்திலேதான் அறத்தின் பணி தொடங்குகின்றது.

இச்சட்டங்களை ஆதரித்தோர் பக்கத்து நியாயமும் கூறப்படுதல் வேண்டும். எந்த நாடும் தன் குடிகளை வரையறுத்தே தீரும் என்றனர், அது மறுக்கற்பாலதன்று. கண்டி நாட்டு விவசாயிகளின் துயரத்தையும் எடுத்துக்காட்டினர். 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தால், உறுதியில்லாக் காணிகள் அரசாங்கத்தின் உடைமையாகக் கொள்ளப்பட்டுத் தோட்ட முதலாளிகளுக்கு விற்கப்பட்டன. கிராமத்தவர் தம் காட்டையும் சேனை நிலத்தையும் இழந்தனர். தம் ஊரைச் சூழத் தோட்டங்கள் எழுந்ததையும் அங்கே அயலார் வந்து நிறைந்ததையும் அவர்கள் கண்டனர். சப்பிரகமுவக் கிராமங்களும் இதற்கு விலக்கல்ல. அக்குறை மெய்யானது. ஆயின், காணியைக் கவர்ந்தது குடியேற்ற அரசாங்கம், வாங்கியது முதலாளி, இலாபம் சென்றது கடல் கடந்து. காட்டை வெட்டியவனுக்கு அக்காணியில் ஒரு சாணும் உரிமையாகவில்லை. பிழை செய்தோரை விடுத்து, எட்டக்கூடிய எளியோனைத் தண்டித்தல் நீதியாகாது. வரையறுக்கும் உரிமை உண்டென்பதும், நேற்றுவரை வாக்களித்தவனை இன்று வரையறைக்கு வெளியே நிறுத்தலாம் என்பதும் ஒன்றல்ல.

மற்றொரு செய்தி இச்சட்டங்களின் இயல்பை நன்கு விளக்கும். சோல்பரி அரசியலமைப்பின்படி ஒவ்வொரு 75,000 பேருக்கும் ஓருறுப்பினர், ஒவ்வோர் 1,000 சதுர மைலுக்கும் ஓருறுப்பினர் என மாகாணங்களுக்குத் தொகுதிகள் ஒதுக்கப்பட்டன. இக்கணக்கிற்கு அடிப்படை வாக்காளர் தொகையன்று, குடிசனத் தொகை. தோட்டத் தொழிலாளர் வாக்கிழந்த பின்னரும் அவர்தம் தலைகள் இக்கணக்கிற் சேர்க்கப்பட்டே வந்தன. ஆகவே தோட்டங்கள் நிறைந்த மாகாணங்களில் எஞ்சிய வாக்காளரின் வாக்கு, பிற மாகாணத்தார் வாக்கினும் மதிப்பு மிக்கதாயிற்று. ஒருவனை உறுப்பினர் தொகையைப் பெருக்குதற்கு ஆளாக எண்ணி, உறுப்பினரைத் தெரிவதற்கு ஆளாக எண்ணாது விடுதல் என்ன கணக்கு? இங்குக் கையூட்டு இல்லை; கள்ளவாக்கு இல்லை; பொதுப்பணம் களவு போகவில்லை. ஆள்வோர் தூய்மை என்னும் முதற்கூறு குறைவின்றி நின்றபொழுதே, அறத்தின் இரண்டாம் கூறு முறிந்து வீழ்ந்தது.

அக்காலத்தே அயல்நாட்டில் நிகழ்ந்த ஒன்றை ஈண்டு ஒப்புநோக்குதல் பொருந்தும். இலங்கையிற் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வருதற்குப் பதினொரு நாள் முன்னர், 1948 ஆம் ஆண்டு நவம்பர் 4 ஆம் நாள், தில்லியில் அரசியல் நிருணய சபையில் டாக்டர் அம்பேத்கர் இந்திய அரசியலமைப்பின் வரைவை முன்வைத்து உரையாற்றினார். அவ்வுரையில், கிரேக்க வரலாற்றாசிரியர் குரோட் என்பாரைத் துணைகொண்டு, அரசியலமைப்பு ஒழுக்கம் என்னும் கருத்தை விளக்கினார். அவ்வொழுக்கம் மக்களிடத்து இயல்பாய் அமைவதன்று, பயின்று வளர்க்கப்பட வேண்டியது என்பதும், அரசியலமைப்பின் ஓரெழுத்தையும் மாற்றாமலே ஆட்சிமுறையை மாற்றி அதன் நோக்கத்தைக் கெடுத்துவிட இயலும் என்பதும் அவர் கருத்துகள். அவர் இலங்கையை எண்ணிக் கூறினாரல்லர். எனினும் 29 ஆம் பிரிவு ஓரெழுத்தும் மாறாதிருக்க, அதனாற் காக்கப்படுவோம் என நம்பியோர் காப்பிழந்த இலங்கையின் நிலைக்கு அக்கூற்று நன்கு பொருந்துகின்றது.

இச்சோதனையில் அரசாங்கக் கட்சி மட்டும் தோல்வியுறவில்லை. 1948 ஆம் ஆண்டில் இம்மசோதாவை எதிர்த்த தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் அவ்வாண்டிலேயே அமைச்சரவையிற் சேர்ந்தார். அதனை ஏற்காது பிரிந்த எஸ். ஜே. வி. செல்வநாயகம் முதலியோர் 1949 டிசம்பரில் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினர். இன்று தோட்டத் தமிழர்க்கு நேர்ந்தது நாளை பிறர்க்கும் நேரும் என்பது செல்வநாயகத்தின் எச்சரிக்கை. அச்சட்டத்தை உறுதியாக எதிர்த்த சமசமாஜக் கட்சியும் 1964 ஜூனில் கூட்டரசாங்கத்திற் சேர்ந்தது. அவ்வரசாங்கமே அக்டோபர் 30 ஆம் நாள் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தைச் செய்தது. இவற்றைக் கூறுதல் தலைவர்களைப் பழித்தற்கன்று. எதிர்க்கட்சியில் இருக்கும்பொழுது அறம் பேசுதல் எளிது. அமைச்சுப் பதவியின் நிழலில் அதனைக் காத்தல் அரிது என்பதை உணர்த்துதற்கேயாம்.

வாக்கிழந்தோர் தம்மளவில் வன்முறையை நாடவில்லை. 1952 ஆம் ஆண்டு ஏப்ரலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் கொழும்பிற் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கி, நான்கு மாதத்திற்கு மேல் நடத்தியது. ஆயினும் அதே ஆண்டு மேயில் நிகழ்ந்த தேர்தலில் அவர்தம் பிரதிநிதி ஒருவரேனும் தெரிவாகவில்லை. தோட்டத் தொழிலாளர் இயக்கத்தின் சார்பில் மீண்டும் ஒருவர் தேர்தல் மூலம் பாராளுமன்றம் புக 1977 ஆம் ஆண்டுவரை காத்திருத்தல் வேண்டியதாயிற்று.

1964 ஆம் ஆண்டின் ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பற்றியது. அவருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் இரு பிரதமரும் உடன்பட்டனர். எஞ்சியோரை இரு நாடும் 75,000 பேராகப் பங்கிட்டுக்கொள்வதென 1974 ஆம் ஆண்டில் முடிவாயிற்று. இரு நாடுகளும் நட்போடு பேசித் தீர்த்தன. எண்கள் சரியாகப் பிரிந்தன. எவரைப் பற்றிப் பேசினரோ அவர்களை வினவுதல் மட்டும் நிகழவில்லை. தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்திற்குக் கப்பலேறிய குடும்பங்களில் இந்தியாவை ஒருமுறையேனும் கண்டிராதோர் பலர். அண்ணன் ஒரு நாட்டிற்கும் தம்பி ஒரு நாட்டிற்கும் உரியராகிய குடும்பங்களும் பல.

வாக்கில்லாதான் நிலை எத்தகையது என்பதைப் பின்வந்த ஆண்டுகள் சப்பிரகமுவத் தோட்டங்களுக்குக் கொடுமையாகக் கற்பித்தன. 1977 ஆம் ஆண்டிலும், 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, கஹவத்தை, இறக்குவானைப் பகுதிகளிலும், 1983 ஜூலையிலும் தோட்டத் தமிழர் தாக்கப்பட்டனர். லயங்கள் எரிந்தன. பலர் வவுனியா முதலிய வடபகுதிகளுக்கு ஓடினர். வன்செயலுக்குக் காரணங்கள் பலவாகலாம். எனினும், பாதுகாப்புக் கேட்டு எவரிடம் செல்வது என்னும் வினாவிற்கு வாக்காளனுக்கு ஒரு விடை உண்டு; வாக்கிழந்தவனுக்கு அவ்விடையில்லை. தன்னை அடுத்த தேர்தலில் வீழ்த்த இயலாதவன் துயரைக் கேட்டு ஓடிவரும் அரசியல்வாதி அருமையினும் அருமை.

திருத்தமும் மெல்ல மெல்ல வந்தது. 1986, 1988 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் நாடற்றோர் பலரைக் குடிகளாக ஏற்றன. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரஜாவுரிமை வழங்கியது. 1948 முதல் 2003 வரை 55 ஆண்டுகள். அவையிற் சில நாளில் நிறைவேறிய ஓர் அநீதியைத் திருத்த ஒரு வாழ்நாளின் பெரும்பகுதி தேவைப்பட்டது. அதற்குள் ஒரு தலைமுறை நாடற்றோராகவே மாண்டது. அநீதியைப் பின்னர்த் திருத்திக்கொள்ளலாம் என எண்ணுவோர்க்கு இக்கணக்கே விடை.

பிரஜாவுரிமை கிடைத்த பின்னரும் சிறிய வேலிகள் எஞ்சின. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, பிரதேச சபையின் பணம் தோட்டங்களுள் வீதி முதலிய வசதிகளுக்குச் செலவிடப்படுதற்குத் தடையாயிருந்தது. தோட்டத்தில் வாழ்வோர் பிரதேச சபைக்கு வாக்களித்தனர்; அச்சபையோ அவர்தம் லயத்திற்குச் செல்லும் பாதையில் ஒரு கூடை கல்லும் இடுதற்கியலாது நின்றது. 2018 ஆம் ஆண்டிலேயே இது திருத்தப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் இவ்வேறுபாடு பலர் கண்ணிற் படாதிருந்தமை, விலக்கப்பட்டோரை விலக்கிய நிலையிலேயே காணும் வழக்கம் எத்துணை ஆழமாகப் பதிந்துவிட்டது என்பதைக் காட்டும்.

இனி, வாக்குப் பெற்றோர் கடமையும் உண்டு. 55 ஆண்டு காத்திருந்து பெற்ற வாக்கை ஒரு போத்தல் சாராயத்திற்கோ தகரக் கூரைக்கோ விற்பவன், தன் பாட்டன் இழந்ததன் விலையை அறியாதவன். ஆள்வோர் தூய்மை என்னும் முதற்கூறு வாக்காளனின் விழிப்பாலன்றி நிலைபெறாது. உத்தரமேரூரார் வாரியத்தாரிடம் கணக்குக் கேட்டனர். இலங்கையிலும் சொத்துக்களை வெளிப்படுத்தும் சட்டம் 1975 ஆம் ஆண்டிலேயே வந்தது. 2023 ஆம் ஆண்டில் ஊழல் எதிர்ப்புச் சட்டமும் இயற்றப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம், நாட்டைப் பொருளாதார வீழ்ச்சிக்கு உள்ளாக்கியதில் முன்னாள் ஆட்சித் தலைவர்களும் உயர் அலுவலர்களும் பொதுமக்கள் நம்பிக்கையை மீறினர் எனத் தீர்ப்பளித்தது. சட்டங்கள் உள்ளன. கணக்குக் கேட்கும் வழக்கமே வளர்தல் வேண்டும்.

விலக்கப்பட்ட சமூகம் தன்னைத் தானே வினவிக்கொள்ள வேண்டியதும் ஒன்றுண்டு. தோட்டங்களிற் கொழுந்தெடுப்போருட் பெரும்பாலோர் பெண்கள். பால்வெட்டிலும் அவர் பங்கு சிறிதன்று. அவர்தம் சந்தாப் பணத்தாற் தொழிற்சங்கங்கள் வளர்ந்தன. ஆயின் சங்கத் தலைமையிலும் தேர்தற் பட்டியல்களிலும் அவர்கள் அருகியே காணப்படுகின்றனர். கோவிற் பரிபாலன சபைகளிலும் ஊர்ச் சங்கங்களிலும் நிலைமை பெரிதும் வேறன்று. எண்ணிக்கைக்குச் சேர்த்து, முடிவெடுக்கையில் விடுத்தல் 1949 ஆம் ஆண்டில் அநீதியாயின், இங்கும் அது அநீதியே. தனக்கு நேர்ந்த கொடுமையிலிருந்து ஒரு சமூகம் கற்கவேண்டிய பாடம், தன் கையில் அதிகாரம் வருங்கால் அதனைப் பிறர்க்குச் செய்யாமை.

கல்லூரிகளில் இன்று பயிலும் மாணாக்கர் 18 வயது நிரம்பியதும் தம் பெயர் வாக்காளர் இடாப்பிற் சேர்வதை இயல்பான ஒன்றாகக் கருதுவர். அவ்வாறு கருதுதல் நன்றே. உரிமை என்பது அவ்வாறு வினாவின்றி அமைதல் வேண்டும். ஆயினும் ருவான்வெல்லயில் ஒருவர் தம் பெயரை அவ்விடாப்பிற் சேர்க்கக் கோரி, இலண்டன் வரை சென்று, வெறுங்கையுடன் திரும்பியதை அவர்கள் அறிந்திருத்தலும் வேண்டும். அன்று எவரும் சட்டத்தை மீறவில்லை. நீதிமன்றம் முறை தவறவில்லை. பெரும்பான்மை முறைப்படியே வாக்களித்தது. இருந்தும் ஒரு மக்கட் கூட்டத்திற்கு அநீதி நேர்ந்தது. பெரும்பான்மையின் வலிமை சட்டத்தை ஆக்கவல்லது. அதனை நீதியாக்கவல்லது அவ்வலிமையைத் தன் நலனுக்கு மட்டும் பயன்படுத்தாத மனக்கட்டுப்பாடு ஒன்றே. தன்னைத் தேர்தலில் வீழ்த்த இயலாத சிறியோனிடத்தும் பெரும்பான்மை நேர்மையோடு நடக்கின்றதா என்பதே மக்களாட்சியில் அறம் உண்டா இல்லையா என்பதற்குரிய உரைகல்லாகும்.